வாலாஜாபாத்தில் ஏறுகிறவரின் இடம்

ஓரிக்கை,
19 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய கிரேஸ் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தை உதயகுமார் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நம் ரயில் பெட்டியில் அவரைவிட வேகமான தபால்காரர் கிடையாது. பிரித்துப் பார்க்காமல் கொடுப்பாரா என்பதில் மட்டும் சிறு சந்தேகம். ஆகவே உறையை இரண்டு முறை ஒட்டியிருக்கிறேன்.

முதலில் தொலைபேசியில் பேசத்தான் முயன்றேன். நீங்கள் என் எண்ணை பிளாக் செய்திருப்பதாக என் தங்கை மகன் இளவரசன் சொன்னான். ஒருவகையில் நிம்மதியாக இருந்தது. நீங்கள் எடுத்திருந்தால் நான் என்ன பேசியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

சென்ற வியாழக்கிழமை நடந்ததை வரிசையாக எழுதினால் என் தவறு எங்கே தொடங்கியது என்பது எனக்காவது விளங்கும் என்று நினைக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வழக்கம்போல நான் காஞ்சிபுரத்தில் ஏறினேன். திருமால்பூரிலிருந்து வரும்போதே வண்டி பாதி நிறைந்திருந்தது. நம் வழக்கமான ஜன்னலோரத்தில் நான் உட்கார்ந்து, எதிர் ஜன்னலோரத்தில் உங்கள் நீலக் கட்டம் போட்ட கர்ச்சீப்பை விரித்து வைத்தேன். வாலாஜாபாத்தில் நீங்கள் ஏறும்வரை அதைக் காப்பது பல வருடங்களாக என் காலை வேலை. அதில் நான் ஒருநாளும் தவறியதில்லை, அதற்குக் காரணம் என் திறமை இல்லை, யாரும் கேட்டதில்லை என்பதுதான்.

அன்று ஒருவர் கேட்டார். பெரிய உடம்பு, கையில் பெரிய பை. "பெரியவரே, இங்க யாருனா வராங்களா?" என்றார். "வராங்க" என்று ஒரே சொல் சொல்லியிருக்க வேண்டும். "இல்லீங்க, உக்காருங்க" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அதோடு நில்லாமல் கர்ச்சீப்பை நானே எடுத்து மடித்து வைத்துக்கொண்டேன்.

நீங்கள் ஏறினீர்கள். பார்த்தீர்கள். நான் எழுந்து என் இடத்தைக் கொடுத்தேன். நீங்கள் உட்காரவில்லை. நீங்கள் நிற்கும்போது நானும் திரும்ப உட்காரத் துணியவில்லை. நம் இருவருக்கும் நடுவே காலியாக இருந்த அந்த இடத்தில் பாலூரில் ஏறிய ஒருவர் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அப்போதுதான் நீங்கள், "ஒரு கர்ச்சீப்பைக் காப்பாத்த முடியல, இவரு ஊர்ல இருக்கிற புஸ்தகத்துல எல்லாம் தப்பு கண்டுபுடிக்கிறாராம்!" என்றீர்கள். பெட்டி முழுவதும் சிரித்தது. நியாயமான சிரிப்பு. பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்த்துப் பிழைக்கிற எனக்கு அதைவிடப் பொருத்தமான வசை அமையாது.

அந்தப் பெட்டியில் மறுபடி ஏறும் துணிவு இல்லாததால் இப்போது இளவரசனின் காரில் போகிறேன். கர்ச்சீப்பைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

மன்னிக்கவும்.

இப்படிக்கு,
அ. ஆதிகேசவன்


வாலாஜாபாத்,
22-8-2025

ஆதிகேசவன் சாருக்கு,

கடிதம் வந்தது. உறையைப் பிரிக்க எனக்குக் கத்தி தேவைப்பட்டது. உதயகுமார் பிரிக்கவில்லை, ஆனால் செங்கல்பட்டு வரைக்கும் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டு வந்து, அப்புறம்தான் கையில் கொடுத்தான்.

கர்ச்சீப்பும் வந்தது. கர்ச்சீப்புக்கு யாராவது கஞ்சி போடுவார்களா சார்? மூக்கைத் துடைத்தேன், மூக்கு சிவந்துவிட்டது. கடையில் சூப்பர்வைசர் "அழுதீங்களாக்கா?" என்று கேட்டார். "ஆமா, இஸ்திரி போட்ட கர்ச்சீப்பு குத்திடுச்சு" என்றேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எல்லாம் சரியாக எழுதியிருக்கிறீர்கள், ஒன்றைத் தவிர. எனக்குக் கோபம் இடம் போனதற்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நம் ஊர்ப் பட்டுப் புடவையை நான் மாம்பலத்துக் கடையில் போய் விற்கிறேன். காஞ்சிபுரத்துக்காரர்களே அங்கே வந்து என்னிடம் வாங்குகிறார்கள், அது வேறு கதை. காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டேதான். ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். கல்யாணப் புடவை பார்க்க ஒரு குடும்பமே வந்து நிற்கும்போது அதில் யார் உட்காருவது? என் முட்டிக்கு ஒரு நாளில் கிடைக்கும் ஓய்வு, காலையில் உங்கள் எதிரே உட்கார்ந்து வரும் அந்த நேரம்தான். பழையசீவரம் தாண்டும்போது ஆற்றைப் பார்த்துக்கொண்டு நீங்கள் கொடுக்கும் பேப்பரில் ராசிபலன் படிப்பேனே, அவ்வளவுதான் என் உலகம். ஆனாலும் ஒருநாள் நின்றால் செத்துவிடமாட்டேன்.

"யாராவது வராங்களா" என்று அந்த ஆள் கேட்டபோது நான் வருவேன் என்று உங்களுக்குத் தெரியும். ஊரே சாட்சி. தெரிந்தே இல்லை என்றீர்கள். இடத்தையா இல்லை என்றீர்கள்? என்னையல்லவா இல்லை என்றீர்கள். அதுதான் சார் கோபம்.

நீங்கள் காரில் போவது தெரிந்ததும் பெட்டியில் "சாரு பெரிய ஆளாயிட்டாரு, ஏசி இல்லாம ஒத்துக்காதாம்" என்று ஒரே கிண்டல். இப்போது உதயகுமார்தான் எனக்கு இடம் போடுகிறான். போட்டுவிட்டு அவனே அதன்மேல் படுத்துத் தூங்குகிறான். எழுப்பினால் "அக்கா, உங்களுக்காகத்தான் காவல் காத்துக்கினு இருக்கேன்" என்கிறான்.

இன்னொரு செய்தி. என் மகன் ஜோசுவா தாம்பரத்துக்கே வந்து தங்கச் சொல்கிறான். அங்கிருந்து மாம்பலம் பக்கம். "எதுக்குமா இந்த வயசுல வாலாஜாபாத்லேர்ந்து தொங்கிக்கினு வர்ற? அப்பாவும் இல்ல, அந்த வீட்டுல யாருக்காக இருக்க?" என்று கேட்கிறான். யாருக்காக என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

காரில் சௌக்கியமாகப் போய் வாருங்கள்.

கிரேஸ்


ஓரிக்கை,
29 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய கிரேஸ் அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதிலாக ஐந்தாறு கடிதங்கள் எழுதிக் கிழித்துவிட்டேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு அவை எதிலும் பதில் இல்லை. அதனால் முதலில் காரைப் பற்றி எழுதுகிறேன்.

கார் பயணம் மிகவும் வசதியாக இருக்கிறது. இருக்கை மெத்தென்று இருக்கிறது. கூட்டம் இல்லை. யாரும் காலை மிதிப்பதில்லை.

இந்தப் பத்தியை இப்படியே முடித்துவிட எண்ணினேன். ஆனால் பொய்யைத் திருத்தாமல் விடுவது என் தொழிலுக்கு அழகில்லை. உண்மை வேறு. ஏசி காற்று நேரே என் காதில் வீசுகிறது. அதைத் திருப்பிவிடச் சொல்ல வேண்டும் என்று சுங்குவார்சத்திரம் வரும்வரை யோசிப்பேன், ஸ்ரீபெரும்புதூரில் மனதைத் தேற்றிக்கொள்வேன், பூந்தமல்லியில் விட்டுவிடுவேன். இப்போது காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போகிறேன். இளவரசன் வழி முழுவதும் அலுவலகக் கூட்டத்தில் இருக்கிறான். காரிலேயே, போனில். "யெஸ் யெஸ், கோ அஹெட்" என்று அவன் சொல்லும்போதெல்லாம் முன்னே இருக்கிற லாரி நகர்வதில்லை. ஒருநாள் மேம்பாலத்தின்மேல் வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. எனக்கோ அவசரமாக இறங்க வேண்டியிருந்தது. எதற்கென்று எழுதத் தயக்கமாக இருக்கிறது, புரிந்துகொள்வீர்கள். அதையும் அவனிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து காலையில் காபி குடிப்பதை விட்டுவிட்டேன்.

இன்னும் கேளுங்கள். அவன் என்னைக் கிண்டியில் இறக்கிவிடுகிறான். அங்கிருந்து மாம்பலத்துக்கு நான் ரயிலில்தான் போகிறேன். இரண்டே நிலையம். சில நாள் வருவது நம் வண்டியாகவே இருக்கிறது. அப்போது கடைசிப் பெட்டிக்கு ஓடிவிடுகிறேன்.

இனி உங்கள் கேள்வி. நீங்கள் சொன்னது சரி. நான் இல்லை என்று சொன்னது உங்களைத்தான். "வராங்க" என்று சொல்லியிருந்தால் அவர் "யாரு?" என்று கேட்டிருப்பார். உங்களை இன்னார் என்று சொல்ல எனக்குச் சொல் கிடைக்கவில்லை. தெரிந்தவர் என்பதா? ரயில் சிநேகிதம் என்பதா? இரண்டும் சரியில்லை என்று தோன்றியது. அந்தக் குழப்பத்தில்தான் எளிதான பொய்யைச் சொல்லிவிட்டேன்.

இளம் வயதில் எனக்காகப் பெண் பார்க்கப் போனபோதும் இதேதான் நடந்தது. "பொண்ணு புடிச்சிருக்கா?" என்று எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பிடித்திருந்தது. அதைச் சொல்வதற்குள் பஜ்ஜி ஆறி, அவர்கள் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். அதன்பின் யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

தாம்பரத்துக்குப் போகப் போகிறீர்களா? உங்கள் முட்டிக்கு அதுதான் நல்லது. போங்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஏனோ எழுதவில்லை. உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
அ. ஆதிகேசவன்


வாலாஜாபாத்,
5-9-2025

ஆதிகேசவன் சாருக்கு,

அடுத்த கடிதம் வரும் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போகிற ஆளிடமிருந்து இவ்வளவு வந்ததே பெரிது.

இந்த வாரம் ரயில் பட்ட பாட்டைக் கேளுங்கள், அப்போதாவது காரில் போவது நல்லது என்று தோன்றும். திங்கட்கிழமை வில்லியம்பாக்கத்தில் எதிர் வண்டிக்கு வழி விடுகிறேன் என்று நிறுத்தினார்கள். ஒற்றைத் தண்டவாளம், நிற்கத்தான் வேண்டும். ஆனால் எதிர் வண்டி போன பிறகும் நம் வண்டி அசையவில்லை. உதயகுமார் இறங்கிப் போய் விசாரித்துவிட்டு வந்து, "இன்னொரு வண்டி வருதாம், அதுவும் பெரிய மனுசனாம்" என்றான். கூட்ஸ் வண்டி, சார். ஒரு முடிவே இல்லாமல் போனது. பெட்டியில் எல்லோரும் சேர்ந்து அதன் பெட்டிகளை எண்ண, ஆளுக்கு ஒரு கணக்கு சொல்லிச் சண்டை வந்துவிட்டது. புதன்கிழமை மழையில் கதவோரம் ஒழுகி, குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தோம். உள்ளேதான். கடைக்கு லேட். சம்பளத்தில் பிடிப்பார்கள். பிறகு தாம்பரத்தில் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகள், இறங்கவும் விடமாட்டார்கள், ஏறவும் விடமாட்டார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒன்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் இருந்திருந்தால் அந்தக் கூட்ஸ் பெட்டிகளைச் சரியாக எண்ணிவிட்டு, "நான் தவறாகவும் எண்ணியிருக்கலாம்" என்று சொல்லியிருப்பீர்கள். சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து சீட்டு அம்மா என்னவோ மாதிரி பார்த்தது.

ஜோசுவா முந்தாநாள் வந்தான். சாமான் ஏற்ற டெம்போ பேசிவிட்டான். அக்டோபர் ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஒதுக்கியிருக்கும் அறை சின்னது, வாஷிங் மெஷின் பக்கத்தில். மருமகள் ஜெயப்ரியா நல்ல பெண். "அத்தை, மெஷின் ஓடும்போது கட்டில் கொஞ்சம் ஆடும், தாலாட்டு மாதிரி இருக்கும்" என்றாள். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

நம் பெட்டி ஆயுத பூஜை இந்த முறை செப்டம்பர் முப்பது, செவ்வாய்க்கிழமை. மறுநாள் எல்லோருக்கும் லீவு என்பதால். மாவிலைத் தோரணம் கட்ட ஆள் இல்லை என்று உதயகுமார் புலம்புகிறான். போன வருடம் அவன் கட்டிய தோரணம் பரனூரிலேயே அறுந்து டிரைவருக்கு வைத்திருந்த பொங்கலில் விழுந்தது. நீங்கள் கட்டினால் கடற்கரை ஸ்டேஷன் வரைக்கும் போய்த் திரும்பி வரும். பொரி கடலை பொட்டலம் எப்போதும்போல நான் போடுகிறேன். ஏசு கோபித்துக்கொள்ளமாட்டார், பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்.

எனக்கு அந்தப் பெட்டியில் அதுதான் கடைசிப் பூஜை. அதன்பிறகு நான் தாம்பரத்தில் ஏறிக்கொள்வேன்.

வருவதானால் வாருங்கள். இடம் போட வேண்டாம். நான் நின்றுகொள்கிறேன்.

சொல்ல வேண்டியது என்னவென்று கேட்டால் பயந்துவிடுவீர்கள். அதனால் கேட்கவில்லை.

கிரேஸ்


ஓரிக்கை,
24 செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய கிரேஸ் அம்மா அவர்களுக்கு,

பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். உதயகுமார் தினமும் காலையில் வீட்டுக்குப் போன் செய்து "சார், தபால் எதுனா இருக்குதா?" என்று கேட்டு, இல்லை என்றதும் என்னைவிட அதிகமாக வருந்தினார்.

நான் காரிலிருந்து இறங்கிவிட்டேன். இறக்கப்பட்டேன் என்பதே சரி. சென்ற வாரம் ஸ்ரீபெரும்புதூரில் மழைநீர் தேங்கி, வண்டிகள் சங்கிலிபோல நின்றன. காலை முழுவதும் அங்கேயே. காபியை விட்டிருந்தும் பயனில்லை, குளிர் தன் வேலையைச் செய்தது. கடைசியில் இளவரசனே என் முகத்தைப் பார்த்து, "மாமா, உடம்பு எதுனா சரியில்லையா?" என்றான். சொன்னேன். அவன் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தான். "இத்தினி நாளா இதைச் சொல்லாமதான் உக்காந்துக்கினு வந்தீங்களா? வாயத் தொறந்து கேட்டா நிறுத்தமாட்டேனா மாமா?" பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினான். திரும்பி வந்ததும் சொன்னான். "நீங்க ட்ரெயின்லயே போங்க. ட்ரெயினைப் பத்திப் பேசும்போது மட்டும்தான் உங்க மூஞ்சி நல்லா இருக்குது."

வாயைத் திறந்து கேட்டால் உலகம் நிறுத்தக்கூடும் என்பது எனக்குப் புதிய செய்தி.

ஆகவே பயிற்சி எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். தினமும் காலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நாற்காலியில் ஒரு துண்டை விரித்து, அலமாரியை அந்தப் பெரிய உடம்புக்காரராக எண்ணிக்கொண்டு "வராங்க" என்று சொல்லிப் பார்க்கிறேன். முதலில் மெதுவாக, பிறகு சத்தமாக. "வராங்க. வராங்க." நேற்று என் தங்கை தேவகி கதவைத் தட்டி, "யாருண்ணா வராங்க? நான் சாதம் போதுமான்னு பாக்கணும்" என்றாள். "யாரும் வரல" என்று பதில் சொல்லிவிட்டேன். மறுபடியும் அதே பதில்! அலமாரியிடம் வருகிற துணிவு ஆட்களிடம் வரமாட்டேன் என்கிறது.

இப்போதைக்கு அடுத்த வண்டியில் போகிறேன், முப்பதாம் தேதி நம் பெட்டிக்கு வருகிறேன். தோரணம் நான் கட்டுகிறேன். சணல் வேண்டாம், வாழைநார் கொண்டுவருகிறேன். நீங்கள் நிற்க வேண்டாம். என்னிடம் உங்கள் கர்ச்சீப் இல்லை, என் துண்டைப் போட்டு வைக்கிறேன். காப்பாற்றுவேன் என்று உறுதி கூற எனக்குத் தகுதி இல்லை. முயல்வேன்.

சொல்ல வேண்டியதை இந்தக் கடிதத்திலும் சொல்லவில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். நீங்கள் தாம்பரம் போய்விட்டால் அதைச் சொல்வதற்கு எனக்கு எதிர் இருக்கை இருக்காது என்பதும் தெரிகிறது. தெரிந்தும் எழுத வரவில்லை.

இப்படிக்கு,
அ. ஆதிகேசவன்


வாலாஜாபாத்,
1-10-2025

ஆதிகேசவன் சாருக்கு,

எழுதக் கை ஓடவில்லை, சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். நேற்று நான் ஏறியதிலிருந்து நீங்கள் வாயையே திறக்கவில்லை. மாம்பலம் வந்ததும் அந்த வயதில் ஒரு தாவு தாவி இறங்கி, படிக்கட்டில் ஓடிவிட்டீர்கள். பொரிப் பொட்டலம்கூட வாங்கவில்லை.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் வாலாஜாபாத் பிளாட்பாரத்தில் பொரி மூட்டையோடு நிற்கிறேன். வண்டி இன்னும் நத்தப்பேட்டையே தாண்டவில்லை. போன் அடிக்கிறது. உதயகுமார்.

"அக்கா! நெஜமாத்தானா?"

"எது?"

"எனக்கே சொல்லலயே அக்கா! இத்தினி லெட்டர் தூக்கிக்கினு நடந்தவன் நானு!"

"டேய், என்னன்னு சொல்லுடா முதல்ல."

அதற்குள் பின்னால் யாரோ போனைப் பிடுங்கி "வாழ்த்துகள்மா!" என்று கத்துகிறார்கள். கைதட்டல். பூஜை மணி வேறு அடிக்கிறார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அவனே மூச்சு வாங்கி வாங்கி நடந்ததைச் சொன்னான். நீங்கள் தோரணம் கட்டி முடித்து, துண்டைப் போட்டு உட்கார்ந்தீர்களாம். கூட்டம் சரியான கூட்டமாம். அதே பெரிய உடம்புக்காரர், அதே பை.

"பெரியவரே, இங்க யாருனா வராங்களா?"

"வராங்க" என்றீர்களாம். சத்தமாகவே சொன்னீர்களாம். அலமாரி வாழ்க.

அந்த ஆள் விடவில்லையாம். "போன தடவ இல்லன்னீங்க, இப்ப வராங்கன்றீங்க. யாருதான் வராங்க?"

"வாலாஜாபாத்ல ஏறுவாங்க."

"அதான் யாருன்னு கேக்கறேன். சும்மா துண்டு போட்டா இடம் உங்களுதா? துண்டை எடுங்க."

நீங்கள் எழுந்து நின்றீர்களாம். துண்டின்மேல் கையை வைத்துக்கொண்டீர்களாம். பெட்டியே திரும்பிப் பார்க்கிற குரலில், "எங்க வீட்டம்மா வராங்க!" என்றீர்களாம்.

சார்! மணி அடித்துக்கொண்டிருந்தவர் கை அப்படியே நின்றுவிட்டதாம். அந்த ஆள் "அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல" என்று இரண்டு அடி தள்ளிப் போய் நின்றுகொண்டாராம்.

நான் ஏறினேன். மாவிலையும் கதம்பமுமாகப் பெட்டி கல்யாண வீடு மாதிரி இருந்தது. எல்லோரும் வழிவிட்டார்கள். அந்தப் பெரிய ஆளே துண்டைத் தட்டி, "உக்காருங்கம்மா, சாரு ரொம்ப நேரமா காத்துக்கினு இருக்காரு" என்றார். நான் உட்கார்ந்தேன். நீங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பழையசீவரத்தில் ஆறு வந்தது, பார்த்தீர்கள். ஆறு போனது, அப்போதும் பார்த்தீர்கள். உங்கள் காது மட்டும் செம்பருத்திப் பூ மாதிரி சிவந்திருந்தது. பஞ்சு இல்லை.

நானும் எதுவும் கேட்கவில்லை. அத்தனை பேர் முன்னால் கேட்டால் வில்லியம்பாக்கத்தில் இறங்கிக் காட்டுக்குள் போய்விடுவீர்கள் என்று பயம்.

அதனால் இப்போது கேட்கிறேன். இடத்துக்காகச் சொன்னீர்களா, எனக்காகச் சொன்னீர்களா? இடத்துக்காக என்றால் பரவாயில்லை. நல்ல பொய். நான் கோபித்துக்கொள்ளமாட்டேன், சிரித்துக்கொண்டே தாம்பரம் போய்விடுவேன். எனக்காக என்றால் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை டெம்போ வருகிறது.

யோசித்துப் பதில் எழுதுங்கள். நான் சர்ச்சுக்குப் போகிறவள். எங்கள் தெரு எது, உங்கள் தெரு எது என்று இரண்டு ஊருக்கும் தெரியும். நாளைக்குப் பேசுவார்கள். அதையும் சேர்த்து யோசியுங்கள்.

லீவு நாளாக இருந்தும் உதயகுமார் பைக்கில் வந்து வாசலில் நிற்கிறான். பதில் தெரியாமல் அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம்.

கிரேஸ்


ஓரிக்கை,
3 அக்டோபர் 2025

அன்புள்ள கிரேஸ்,

இதை முதல்முறையாக வெள்ளைத்தாளில் நேராக எழுதுகிறேன். அடித்தல் திருத்தல் இருந்தால் இருக்கட்டும்.

உங்களுக்காகத்தான் சொன்னேன்.

இடத்துக்காக என்றால் எத்தனையோ சொல்லியிருக்கலாம். உடம்பு சரியில்லாதவர் என்றிருக்கலாம், அதிகாரி என்றிருக்கலாம். அவர் "யாரு" என்று அழுத்திக் கேட்டபோது, இத்தனை வருடம் கிடைக்காத சொல் தானாக வந்தது. இந்த முறையும் அது என்னைக் கேட்கவில்லை. ஆனால் முதல்முறை பொய் வந்தது, இந்த முறை உண்மை வந்தது. சொல்லி முடித்த பிறகுதான் உங்களிடம் கேட்கவேயில்லை என்பது நினைவுக்கு வந்தது. அதனால்தான் ஆற்றைப் பார்த்தேன். வரிசைப்படி செய்து பழகியவன் நான், இதை மட்டும் தலைகீழாகச் செய்துவிட்டேன். உங்களைக் கேட்கும் முன் ஊருக்குச் சொல்லிவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

வீட்டில் சொல்லிவிட்டேன். தேவகி ஒருநாள் முழுவதும் என்னோடு பேசவில்லை. ஊர் என்ன சொல்லும், உறவு என்ன சொல்லும் என்று அடுப்பிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் எதிரே போய் உட்கார்ந்து, "யாரு வராங்கன்னு அன்னைக்குக் கேட்டியே, இவங்கதான் வராங்க" என்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள். "வயசுல ஒரு வார்த்த சொல்லத் தெரியல, இப்ப வந்து ரயில்ல கூவியிருக்கிற" என்றாள். சிறிது நேரம் கழித்து, "அந்தம்மா காரம் சாப்புடுமா?" என்று கேட்டாள். இளவரசன் காரைக் கழுவுகிறான். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

யோசிக்கச் சொன்னீர்கள். யோசித்தேன். உங்கள் தெருவும் என் தெருவும் எனக்குத் தெரியும். பேசுவார்கள். பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்ல அலமாரியின் முன் மறுபடி பயிற்சி எடுப்பேன்.

இனிக் கேட்கிறேன். என்னைக் கல்யாணம் செய்துகொள்வீர்களா? சர்ச்சா, கோயிலா, பதிவு அலுவலகமா, உங்கள் விருப்பம். தாம்பரம்தான் உங்களுக்கு நிம்மதி என்றால் போங்கள் என்று இப்போது என்னால் எழுத முடிகிறது. ஆனால் போக வேண்டாம் என்பதுதான் என் விருப்பம். அதையும் எழுதிவிட்டேன்.

ஆதிகேசவன்


வாலாஜாபாத்,
5-10-2025, ஞாயிறு

சாருக்கு (இனி என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று நேரில் முடிவு செய்யலாம்),

டெம்போ காலையிலேயே வந்துவிட்டது. ஜோசுவா கட்டிலைத் தூக்கப் போனான். "வை கீழ" என்றேன். உங்கள் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தான். பிறகு நான் தூக்க வேண்டாம் என்ற அதே கட்டிலில் உட்கார்ந்து இன்னொரு முறை படித்தான்.

"யாருமா இவரு?"

"பேப்பர் குடுப்பாரே, அவரு."

"அந்த சாரா? அவருக்குப் பேச வருமா?"

"எனக்காக வந்துச்சு" என்றேன்.

அவன் கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தான். முகம் சுருங்கித்தான் போனது, மறைக்கமாட்டேன். "யாருக்காக இங்க இருக்கன்னு கேட்டேன், பதிலே சொல்லல நீ" என்றான். பிறகு ஜெயப்ரியாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அவள் கத்திய கத்தலில் டெம்போ டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "அத்தை, அந்த ரூம்ல நான் தையல் மெஷின் போட்டுக்கறேன், நீங்க வராதீங்க! கல்யாணத்துக்கு எங்களுக்குப் புடவை நீங்கதான் எடுக்கணும், ஸ்டாஃப் டிஸ்கவுண்ட்ல!" ஜோசுவாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மத்தியானம் இருந்து கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். அடுத்த ஞாயிறு உங்களைப் பார்க்க வருகிறானாம். பயப்படாதீர்கள், அவனும் உங்களைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறான்.

டெம்போக்காரர் வந்த வாடகை வேண்டும் என்று நின்றார். சும்மா அனுப்ப மனம் வரவில்லை. வீட்டிலிருந்த பழைய பீரோவை ஏற்றி ஜெயப்ரியாவுக்கு அனுப்பிவிட்டேன். இங்கே எதற்கு? உங்கள் வீட்டில்தான் நல்ல அலமாரி ஒன்று இருக்கிறதே, பேசிப் பழகியது.

பதில் இதற்குள் தெரிந்திருக்கும். ஆனாலும் உங்களுக்கு எதையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். ஆகவே சொல்கிறேன். செய்துகொள்கிறேன்.

கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே ஸ்டேஷனில் ஏறுவோம். அப்புறம் கர்ச்சீப்புக்கு வேலை இல்லை. அதுவரைக்கும் உங்கள் உத்தியோகம் தொடர்கிறது. நீலக் கட்டம் போட்டதை உதயகுமாரிடம் கொடுத்திருக்கிறேன். நாளைக்குக் காலையில் எனக்கு இடம் போடுங்கள், ஜன்னலோரம், ஆற்றுப் பக்கம். யாராவது வந்து கேட்டால் அன்றைக்குச் சொன்னதையே சொல்லுங்கள்.

கஞ்சி மட்டும் போடாதீர்கள்.

கிரேஸ்